கெட்டிமேளம் நின்ற முகூர்த்தம்

ராஜ்மோகனுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, மேசையில் தாளம் போடும். 2007ஆம் வருஷத்துத் தை மாதம் முழுக்க நாயுடுபுரம் பிரவுசிங் சென்டர் மேசையில் அவன் போட்ட தாளம் கொஞ்சநஞ்சமில்லை.

பள்ளி ஆண்டு விழா, சர்ச் ஆராதனை, காதுகுத்து என்று கொடைக்கானலில் எங்கே கீபோர்டு வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அட்டுவம்பட்டியில் குடியேறிய குடும்பம். அப்பா இல்லை. அம்மா பெருமாயி கேரட் தோட்டத்து வேலைக்குப் போனாள். தங்கை லீலாவுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இருந்த கீபோர்டை விற்றுவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரும் இசை வாசிக்கிற சாப்ட்வேரும் வாங்கினான், அதுதான் வினை. கம்ப்யூட்டரில் போட்டால் நாதஸ்வரம், தவில் எல்லாம் அசலாகக் கேட்கும் என்றார்கள். அழுத்தி வாசிப்பதற்காகக் கூட வாங்கிய கட்டைகளுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டர் பேசினால்தான் அவை பேசும். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு வெளி மேளம் எதுக்கும்மா? நானே வாசிக்கிறேன்" என்று மார்தட்டிவிட்டான்.

ஒரு வாத்தியம் மட்டும் என்றால் தேன். இரண்டு மூன்று சேர்ந்தால் கரகரவென்று உடைந்து, எல்லாம் அப்படியே நின்றுபோகும். பிரவுசிங் சென்டருக்குப் போய், விற்ற கம்பெனிக்கு மெயில் எழுதினான். மெமரி போதாது என்றார்கள், வாங்கிப் போட்டான். அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினான். ஏதோ ஓர் அளவைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் கட்டையை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சத்தமே வந்தது. ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு பெயர். ஒவ்வொருவனும் "உங்கள் கம்ப்யூட்டர் என்ன வகை?" என்று முதலிலிருந்து தொடங்குவான். அட மூதேவிகளா, போன ஆளிடம் அதைத்தானே சொன்னேன் என்று பல்லைக் கடித்தான். கடைசியாக ஒருவன் புதுப் பதிப்பை அனுப்பி, இதில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். வீட்டில் மூன்று பாட்டு உடையாமல் வந்தது. நம்பிவிட்டான்.

கல்யாணத்தன்று காலையில் கோவில் மண்டபத்தில் நாதஸ்வரம் அழகாகத்தான் ஒலித்தது. மாப்பிள்ளையின் அம்மா கருப்பம்மாளே, "ஆளு உக்காந்து வாசிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள். பூசாரி கையை உயர்த்தி, கெட்டிமேளம் என்றார். தாலி ஏறும்போது யார் தும்மினாலும் காதில் விழக்கூடாது, அதற்காகத்தான் கெட்டிமேளம். ராஜ்மோகன் தவிலையும் நாதஸ்வரத்தையும் ஒருசேர அழுத்தினான். ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமே இல்லை.

மாப்பிள்ளையின் கை முதல் முடிச்சில் தயங்கியது. அந்த அமைதியில் யாரோ தும்மினார்கள், மண்டபம் முழுக்கக் கேட்டது. லீலா குனிந்த தலையோடு அண்ணனைப் பார்த்தாள். பெருமாயிதான் முதலில் குலவை போட்டாள். கேரட் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குலவையில்தான் மற்ற இரண்டு முடிச்சும் விழுந்தன.

பந்தியில் கருப்பம்மாள் வாயை மூடவில்லை. "மேளம் நின்னு, தும்மலோட ஏறுன தாலி. நாளைக்கு எம்மகனுக்கு ஒண்ணுன்னா யாரப் போயிக் கேக்க?" என்றாள். லீலா இலையில் கை வைக்கவே இல்லை.

மறுநாள் அவன் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பியபோது பெருமாயியும் கூடவே வந்தாள். "அத வித்தவன நாலு வார்த்த நான் கேக்கணும்லே" என்றாள். மெயில் ஒன்று வந்து கிடந்தது. தங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதிப் புகாரை முடித்துவைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு மேசையை ஓங்கி அறைந்தான்.

"நம்பரப் போடு, நான் பேசுறேன்" என்றாள் பெருமாயி.

"நம்பர் கெடையாதும்மா."

"ஊரு எது? வெள்ளனே பஸ் ஏறிப் போவோம்."

"அதும் போடல."

"பேராச்சும் தெரியுமா?"

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேரு."

பெருமாயி திரையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏலே, ஆளே இல்லாத கடையில சாமான் வாங்கிட்டு, அத நம்பியா எம்மகளக் கழுத்த நீட்டச் சொன்னே?"