ஹாஜிரா பீயின் சுவர்

ராயப்பேட்டையில் ஐந்து வளைவு வீடு என்று கேட்டால் எந்த ஜட்காக்காரனும் கொண்டுபோய் இறக்கிவிடுவான். நவாபு காலத்துக் கட்டடம். முட்டையின் வெள்ளைக் கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் முகம் தெரியும். அந்த வளைவுகளைப் புகழாத பெரிய மனுஷன் ஊரில் கிடையாது. உள்ளே குடியிருந்தவளைப் பற்றித்தான் ஒருவரும் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், பேசிவிட்டுப் போகிறேன்.

ஹாஜிரா பீ கல்யாணமாகி வந்த வருஷம், வளைவுகளுக்கு முன்னால் இருந்த முற்றத்தை மறைத்து மாமனார் ஒரு உயரமான சுவர் எழுப்பினார். கோஷாக் குடும்பம், மருமகள் தெருவின் கண்ணில் படக்கூடாது. ஆனால் அந்தச் சுவருக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். கிணறு, கோழிகள், காயப்போட்ட மிளகாய், ஈரத் தலையை ஆற்றிக்கொள்ள வெயில். பின்பக்கச் சந்து வழியாக நான் போனால் ஊர்க்கதை எல்லாம் கேட்டுச் சிரிப்பாள். சிரிப்பு வெளியே கேட்டால் மட்டும் அவள் புருஷன் கலீமுல்லாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கலீமுல்லா அத்தர் வியாபாரி. நவாபு வம்சம் என்று சொல்லிக்கொள்வார். அவருடைய தாத்தா நவாபின் வண்டிக்கு விளக்கேற்றியவர் என்பது தெருவுக்கே தெரியும். பாவம், யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.

மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புது நகர் எழும்பிய பிறகு வண்டிகள் பெருகின. ரோட்டை அகலமாக்க இந்த வீட்டை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கலீமுல்லா ஓடிப்போய்ப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்றைக் கூட்டிவந்தார். ஒரு துரை, ஒரு துரைசானி, ஒரு வக்கீல். எல்லாமே நவாபு கட்டியதா என்று வக்கீல் கேட்டார்.

"வளைவெல்லாம் எங்க நவாபு கட்னது, சாகிப். இந்தச் சுவரு மட்டும் எங்க அப்பாஜான் கட்னாரு. எங்க வீட்டுப் பொம்பளைங்க நெகத்தக்கூட தெரு பாத்ததில்ல."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரோட்டை வளைத்துக்கொண்டு போகச் சங்கம் ஏற்பாடு செய்தது. வீடு தப்பியது. ஆனால் புதிதாகச் சேர்த்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு மூங்கில் தட்டியாவது கட்டிக்கொள்கிறேன் என்று கலீமுல்லா கேட்டார். வளைவை மறைக்கிற எதுவும் கூடாது என்றார் துரை. இவரும் தலையாட்டினார்.

"சரின்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஹாஜிரா பீ.

"வீடு தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படு."

"புர்கா போட்டுக்கினு கெணத்தாண்ட போய்க்கிறேன்."

"என் பொண்டாட்டி கொடம் தூக்கறத ஊரு பாக்கணுமா? உள்ள கெட."

உள்ளே என்றால் சன்னல் இல்லாத பின்னறை. தண்ணீருக்கு ஆள் வைத்தார். கோழிகளை விற்றார். முற்றத்துச் சுவரை இடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் காமிராவோடு வந்து வளைவுகளுக்குள் விழும் வெளிச்சத்தை வியந்தார்கள். அவள் பின்னறை இருட்டில் உட்கார்ந்து அவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் இடுப்பு வலி வந்தது. அப்புறம் வாத்து மாதிரி நடை. கடைசியில் நடையே இல்லை. டாக்டர் கோமளத்தை நான்தான் கூட்டிவந்தேன்.

"எலும்பு இளகிடுத்து. தெனம் வெயில்ல ஒக்காரணும்," என்றார் டாக்டர்.

"எங்க வூட்ல வெயிலு வாசல்லதான் கீது, டாக்டரம்மா," என்றார் கலீமுல்லா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் நண்பகல், சங்கத்து ஆட்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே ஹாஜிரா பீ தரையில் தவழ்ந்து வெளியே வந்தாள். நடு வளைவின் தூணில் சாய்ந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்தாள். முக்காடு நழுவியது. அதை அவள் எடுத்துப் போடவில்லை. யார் இது என்று துரைசானி கேட்டாள்.

கலீமுல்லா வெளுத்துப்போனார். பிறகு சொன்னார்: "வேலைக்காரி."

ஹாஜிரா பீ அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மனிதர்களிடம் சொன்ன பேச்சை மாற்ற முடியுமா? மறுநாளும் அவள் வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். வேலைக்காரி வெயிலில் இருந்தால் யாருக்கு என்ன? மெல்ல மெல்லக் கால் ஊன்றியது. ஊன்றியதும் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். படுக்கை சமையலறைக்குப் போயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு பேகம் வேண்டுமல்லவா? திருவல்லிக்கேணியிலிருந்து வஜீஹா என்ற சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார் கலீமுல்லா. அந்தப் பின்னறையில்தான் வைத்தார். ஹாஜிரா பீயை அவள் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள்.

அடுத்த ஆடிக்குள் வஜீஹாவுக்கும் அதே இடுப்பு வலி. நான் போயிருந்தபோது ஹாஜிரா பீ அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் பேச்சக் கேளு, கண்ணு. புர்காவ மாட்டிக்கினு செத்த நேரம் வாசல்ல வந்து குந்து," என்று கெஞ்சினாள்.

வஜீஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாசல்ல வந்து குந்தறதுக்கு நான் இன்னா வேலைக்காரியா, ஆபா?"