அடித்து எழுதிய ஒரு வார்த்தை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குவாலிட்டி இன்ஜினியருக்கும் எனக்கும் சண்டை வராமல் ஒரு ஷிஃப்ட்கூட முடிந்ததில்லை. நான் அடுக்கி மூடிய பெட்டியை அவர் பிரித்துப் பார்ப்பார், நான் முறைப்பேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'அக்கா'கூட எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

அந்த வருட ஆயுத பூஜையன்று அரை நாள் வேலை இருந்தது. எங்கள் மெஷின், கார் கதவுக்குள் போகும் ஒரு பிளாஸ்டிக் பாகத்தில் கிளிப் மாட்டும். கிளிப் விட்டுப்போனால் கண்டுபிடிக்க மிளகு அளவில் ஒரு சென்சார் உண்டு. நாங்கள் அதைக் கண் என்போம். காலையில் வந்ததும் கிளிப் இல்லாத பீஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மெஷின் டக்கென்று நின்றது. கண் சரியாக இருக்கிறதென்று செக் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு பூஜை. மெஷினைத் துடைத்து, மாலை போட்டு, நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் சந்தனம் வைத்தேன். வீட்டுச் சாமி படத்துக்குக்கூட அவ்வளவு தாராளமாக வைத்ததில்லை. குழைத்தபோது தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. சந்தனம் மெல்ல வழிந்து கண்ணை மூடியதை நான் கவனிக்கவில்லை. பூஜை முடிந்து மதியம்வரை மெஷினை ஓட்டினேன். கண் மறைந்தால் கிளிப் இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும்.

லீவு முடிந்து போனபோது பேக்கிங்கில் கிளிப் இல்லாத பீஸ்கள் அகப்பட்டிருந்தன. நல்லவேளை, எதுவும் லாரி ஏறவில்லை. பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். கண்ணின் மேல் என் சந்தனம் காய்ந்து கிடந்தது.

மதியம் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் மேனேஜர் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை எழுதி வைத்திருந்தார்: நெக்லிஜென்ஸ். அந்த வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என் கான்ட்ராக்ட் அந்த மாசத்தோடு முடிகிறது. வீட்டில் மூன்று பேருக்கும் என் சம்பளம் ஒன்றுதான்.

ஆனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அங்கேயே போனை எடுத்துப் பார்த்தேன். அலட்சியம் என்று இருந்தது. பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"தப்பு என்னுதுதான் சார். தண்ணியா கரைச்சிட்டேன். மிஸ்டேக்னு போடுங்க, சைன் பண்றேன். அலட்சியம்னு போட்டா பண்ண மாட்டேன். அலட்சியமா இருக்கறவ இன்னாத்துக்கு சார் மெஷினுக்குப் பொட்டு வெச்சிக்கினு இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சைன் பண்ணிட்டு போய் வேலையப் பாரு" என்றார் மேனேஜர்.

அதுவரை சுவரோரமாக நின்றிருந்த குவாலிட்டி இன்ஜினியர் என் செக் ஷீட்டை மேஜையில் வைத்தார். இவர் வேறு ஏறி மிதிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணு இல்ல சார். செக் பண்ணாம வுட்டிருந்தா நெக்லிஜென்ஸ். அக்கா காலைல செக் பண்ணி சைன் போட்டுக்கிறாங்க. பூஜை முடிஞ்சி இன்னொரு வாட்டி பாக்கணும்னு நாமதான் எங்கயும் எழுதி வெக்கல. இது மிஸ்டேக். அதுல எனக்கும் பங்கு இருக்குது."

எங்கள் கம்பெனி ரிப்போர்ட்டில் வெள்ளை மை பூசி அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடிக்க வேண்டும். பழைய வார்த்தை படிக்கும்படி இருக்க வேண்டும். அடித்தவர் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பின்னால் யார் வந்து கேட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்ஜினியர் பேனாவை எடுத்து நெக்லிஜென்ஸ் மேல் கோடு போட்டார். மேலே மிஸ்டேக் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

மேனேஜர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தானும் போட்டார். கடைசியாக நான் போட்டேன். இன்ஜினியருக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் புதுவாயல் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

கான்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். செக் ஷீட்டில் ஒரு வரி கூடியது: பூஜைக்குப் பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். எங்கள் சண்டை மட்டும் முன்போலவே நடந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். கிண்ணத்தோடு மெஷின் முன்னால் போய் நின்றேனே தவிர, கை எழவில்லை. இன்ஜினியர் வந்தார். கட்டைவிரலால் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப வைங்கக்கா."

வைத்தேன். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை அப்போதுதான் சொன்னேன்.

"அது இருக்கட்டும்க்கா. விரல எடுக்கட்டா?"

"இருங்க சார்" என்றேன். "காயட்டும்."