மலைக்கு அந்தப் பக்கம் விழும் பொழுது

இருபத்திரண்டு வருசம் ஏலக்காட்டுக்குப் போய் வந்தவள் நான். விடிவதற்கு முன்னால் போடியில் ஜீப்பு ஏறினால் பதினேழு வளைவும் சுற்றி மேட்டுக்குப் போய், கேரள எல்லையைத் தாண்டி எஸ்டேட்டில் இறங்குவோம். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பவும் ஜீப்பு. அதற்கு மேல் ஒரு நிமிசம் நிற்க டிரைவர் சம்மதிக்க மாட்டார். இருட்டினால் ஆனை இறங்கும். அதனால் பொழுது அந்தப் பக்கம் விழுவதை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. கீழே வீட்டிலிருந்தும் தெரியாது. எங்களுக்கு மேற்கே மலைதான். சூரியன் முழுசாகச் சாயும் முன்பே மலை மறைத்துவிடும். மறைந்ததும் நான் விளக்கேற்றிவிடுவேன்.

இந்த வைகாசியில் எனக்கு முட்டி ஆபரேசனுக்கு நாள் குறித்தார்கள், ஒரு வியாழக்கிழமை. “இனிமே மலையேறுறதை மறந்துரணும்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போவதற்கு நான் வருத்தப்படவில்லை, உடம்பு போதும் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் உதிக்கிற சூரியனைக் கும்பிட்டவள், அவர் அடைகிற இடத்தைப் பார்க்காமலே மலையை விடுவதா என்று மனசு கேட்கவில்லை. பார்ப்பது மட்டுமல்ல, என் கையால் ஒரு படம் எடுக்க வேண்டும், அதைச் சாமி அலமாரியில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் அலமாரியில் முருகன் உண்டு, மீனாட்சி உண்டு, சூரியன் இல்லை.

வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடம் சொன்னேன்.

“சூரியன் என்ன ஏலக்காயா, பறிச்சு மடியில கட்டிக்கிட்டு வர?” என்றார்.

“நீங்க வண்டியை எடுக்கலைன்னா நான் பஸ்சுல போறேன்.”

“முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் படியேற ஒரு மணி நேரமாகும். அதுக்குள்ள பஸ்சு மூணாறே போயிரும்” என்று சிரித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைக் கழுவி வைத்திருந்தார்.

ஒரே ஒரு தடை, விளக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் நான் வீட்டை விட்டுப் போனதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனாரிடம் சாவியைக் கொடுத்தேன். “மறக்காம ஏத்திரு தாயி.”

“ஏத்துறேன் மதினி. நீங்க வெரசா போங்க, ஒங்களுக்காக ஒண்ணும் பொழுது காத்துக்கிட்டு இருக்காது” என்றாள்.

எஸ்டேட்டில் காவலுக்கு இருக்கிறவர் மலையாளத்துக்காரர், என்னைப் பல வருசமாகத் தெரியும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பாறையைக் காட்டினார். “சேச்சீ, பொழுது போயாச்சுன்னா இவிடே நிக்கண்டா. ஆன உண்டு” என்று, இருட்டியதும் இறங்கிவிடச் சொன்னார்.

பாறை பெரிய உயரமில்லை. நல்ல கால் உள்ளவர்களுக்குப் பத்து எட்டு. நான் திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஏறினேன். சேலை கிழிந்தது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது சூரியன் இன்னும் இரண்டு முழ உயரத்தில் நின்றது. ஊரில் இந்நேரம் நாத்தனார் விளக்கேற்றியிருப்பாள். இங்கே வெயில் முகத்தில் அடிக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அது மஞ்சள் போய்ச் சிவந்து, குங்குமத் தட்டு மாதிரி இறங்கித் தூரத்து மலையைத் தொட்டது. போனைக் கையில் தயாராகப் பிடித்திருந்தேன். தொட்டதுதான் தெரியும். “அப்பனே” என்று என் இரண்டு கையும் தானாகச் சேர்ந்துவிட்டன. கண்ணையும் மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் எனக்கு வேண்டுதல் ஒன்றோடு நிற்காது. மகள், மருமகன், பேத்தி, நாத்தனார் குடும்பம், கூட வேலை பார்த்த பெண்கள், கடைசியில் என் முட்டி.

“ஏய், எடு! வெரசா எடு!” என்று வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. கண் திறந்தபோது செவப்பு மட்டும் இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் போன் கிடந்தது. அதில் ஒரே ஒரு படம் விழுந்திருந்தது. கருகருவென்று, என் கை.

முதல் ஐந்து வளைவு இறங்கும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டதும் நிறுத்தினார். “நெட்டுல ஆயிரம் படம் கெடக்கு. நல்லதா ஒண்ணை எறக்கித் தர்றேன், விடு.”

“அது எவன் பார்த்த சூரியனோ. எனக்கு வேண்டாம். செவ்வாக்கிழமை திரும்ப வரணும்.”

“வியாழக்கிழமை ஆபரேசன்டீ.”

“அதான் செவ்வாக்கிழமைங்கிறேன்.”

திங்கட்கிழமை முழுக்க முட்டியில் எண்ணெய் தேய்த்தேன். செவ்வாய் மத்தியானம் மேட்டில் மேகம் கட்டியது, கேரளா பக்கம் மழை தொடங்கப்போகிற மேகம். அவர் வண்டியை நிறுத்தாமல் ஏற்றினார். காவல்காரர் எங்களைப் பார்த்து, “பின்னேயுமா!” என்று தலையில் கை வைத்தார்.

இந்தத் தடவை பாறைக்குக் கீழேயே, சூரியன் உயரத்தில் இருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு எல்லா வேண்டுதலையும் சொல்லி முடித்தேன். “கடைசி நேரத்துல கும்பிடலைன்னு கோவிச்சுக்காதே சாமி, கை ரெண்டும் போனுக்கு வேணும்” என்று சொல்லித்தான் ஏறினேன். மேகத்துக்குள் போன சூரியன் வெகுநேரம் வரவில்லை. நான் நகரவில்லை. அப்புறம் மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி கிடைத்தது. அதில் வந்து உட்கார்ந்தது, பாதி உடம்போடு.

என் கை கும்பிடத்தான் பார்த்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலுக்குப் போனால்கூட வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நிற்கிற மனுசர். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்துக்கொண்டு, “நீ எடு. இதை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

எடுத்தேன்.

படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மேல் மூலையில் என் விரல் செவப்பாக விழுந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரர், “விரலை வெட்டிரட்டுமாக்கா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆபரேசன் முடிந்து வாக்கரைப் பிடித்து அலமாரிவரை நடந்து போன முதல் நாள், மலை பொழுதை மறைத்ததும் விளக்கை நானே ஏற்றினேன். பின்னால் நின்ற அவர், முருகனுக்குப் பக்கத்தில் இருந்த சூரியன் படத்தைப் பார்த்து, “அங்க இன்னும் பொழுது விழுந்திருக்காது” என்றார்.