ஐந்தெழுத்து மஞ்சுளா

மஞ்சுளாவுக்குத் தெரிந்த ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகளைத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலாக ஓட்டினால், வெண்ணந்தூரில் புறப்பட்டு ஓமலூர் வழியாக லண்டன் போய்ச் சேரும். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வேட்டி கொடுத்த பிறகும் மிச்சத் துணியில் தலையணை உறை நாலு தைக்கலாம். இதில் ஒரு முழம்கூட மிகையில்லை. மிகை என்பவர்கள் அவளோடு ஒருநாள் வேலைக்கு வந்து பார்க்கட்டும்.

ஏழாவதோடு நின்றவள் மஞ்சுளா. விசைத்தறிக் கூடத்தில் பாவு பிணைக்கிற வேலை: தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை. செல்போனில் ஐந்தெழுத்து விளையாட்டு ஒன்று வந்த நாளிலிருந்து, அவள் இழைக்கு ஓர் எழுத்து வைத்தாள். ஐந்து இழை சேர்ந்தால் ஒரு வார்த்தை. அர்த்தத்தை மத்தியானம் சோற்றுக்கு முன்னால் நோட்டில் எழுதிவிடுவாள்.

அந்த நோட்டில்தான் நர்மதா கைவைத்தாள். அதே கூடத்தில் குறுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிறவள், பதினேழு வயது, பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் பெயில். "எனக்கும் இங்கிலீசுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க" என்று பெருமையாகவே சொல்லித் திரிவாள். ஆடி மாசத்தில் ஒருநாள் மஞ்சுளா கைகழுவப் போன நேரம் பார்த்து, அவள் கையெழுத்தைப் போலவே ஏழு பொய் வார்த்தைகளை இடையிடையே செருகினாள். அவற்றில் ஒன்று 'கிராஸ்க்'. அர்த்தம்: தறிச் சத்தம் நின்றதும் காதுக்குள் வருகிற நிம்மதி. அதை நினைக்கும்போதெல்லாம் தனியே சிரித்தாள்.

தையில் சிரிப்பு நின்றது. பொங்கல் விளையாட்டில் இந்த வருஷம் புதுப் போட்டி: 'ஏ'யும் 'ஆர்'உம் வருகிற ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகள், தமிழ் அர்த்தத்தோடு, மணி அடிக்கும் வரை. அகராதியில் இல்லாத வார்த்தை ஒன்று சொன்னாலும் மேடையை விட்டு இறங்க வேண்டும். பெயர் எழுதுகிற மேசையில் டியூஷன் சென்டர் சந்திரசேகர் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, கோலப்போட்டிக்கு அந்தப் பக்கம்."

"கோலம் ஊட்டுலயே போட்டுட்டுத்தான் வாரேனுங்க. இங்கிலீசுக்குச் சீட்டு குடுங்க. ரெண்டா குடுங்க."

"பாவு பிணைக்கறவங்களுக்கு எதுக்கும்மா இது? நாலு பேரு சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நான் நாப்பது சொல்லிருவேன்."

எழுதும்போது ஒன்று கிழிந்தால் இருக்கட்டுமென்று இரண்டு வாங்குகிறாள் என்றுதான் பக்கத்தில் நின்ற நர்மதா நினைத்தாள். அந்த ஏழு பொய்யும் நோட்டில்தானே இருக்கின்றன! சொல்லிவிடலாம் என்று நாலு நாளும் கிட்டே போனாள். மஞ்சுளா முகத்தைப் பார்த்ததும் "காப்பி குடிச்சியாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

போட்டியன்று மைதானம் நிறைய ஜனம். மஞ்சுளா மேடையேறி, இல்லாத பாவைப் பிணைப்பதுபோல விரல்களை முறுக்கிக்கொண்டே தொடங்கினாள்.

"எர்த், பூமி. பிரெட், ரொட்டி. ஹார்ட், இதயம். டிரீம், கனவு."

சந்திரசேகர் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டினார். முன்வரிசையில் சிரித்தவர்கள் பதினைந்தாவது வார்த்தையில் நிறுத்தினார்கள். முப்பதாவதில் விசில் பறந்தது. முப்பத்தொன்பது முடிந்தது.

"கிராஸ்..." என்று இழுத்து நிறுத்தினாள் மஞ்சுளா.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நர்மதா கழுத்தை எட்டி நீட்டினாள். கத்தினால் போட்டியே கலைந்துவிடும். தறி ஓடும்போது கூடத்தில் யார் பேச்சும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் அங்கே எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அதையே செய்தாள். சத்தமில்லாமல் வாயை அகலத் திறந்து, "அக்கா, வேண்டாம்! அது நான் எழுதுன பொய்!" என்றாள்.

மஞ்சுளா அவளை நேராகப் பார்த்தாள்.

"கிராஸ், புல்லுங்க" என்றாள்.

நாற்பது. சந்திரசேகர் அகராதியை மூடினார். "போதும்மா, ஒத்துக்கறேன்."

"போதும்னு நீங்க சொல்லாதீங்க. மணி அடிக்கட்டும்" என்று மேலும் ஆறு சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

கீழே வந்து நோட்டை நர்மதாவின் மடியில் போட்டாள். துணியில் குறை விழுந்த இடத்தில் அடையாளத்துக்குக் கரையோரம் சிவப்பு நூல் கட்டுவது கூடத்து வழக்கம். நோட்டில் ஏழு இடத்தில் ஓரத்தில் ஓட்டை போட்டுச் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"ஆவணிலயே கட்டிட்டேன் கண்ணு. அந்தக் கிராஸ்க் மட்டும் இருந்திருக்க வேண்டிய வார்த்தை. அத அடிச்சுக் கலைக்க மனசு வரல."

"திட்டிருக்கலாமில்லக்கா?" நர்மதா சிவப்பு நூல் ஒன்றை விரலால் தடவினாள்.

"எதுக்குத் திட்டோணும்? இம்புட்டு ஒழுங்கா பொய் செய்யறவளுக்கு நெசம் எத்தன தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சேன். இப்ப மேல நின்னு பாத்தேன். எனக்கு முன்னால உன் உதடு அர்த்தம் சொல்லுது. டிரீமுக்கு, ஹார்ட்டுக்கு, எல்லாத்துக்கும். பேச்சுவார்த்தை இல்லையா உங்களுக்குள்ள?"

நர்மதா வாயை மூடுவதற்குள் மைக் கரகரத்தது. "அடுத்த போட்டியாளர், வெண்ணந்தூர் நர்மதா!"

இரண்டாவது சீட்டு எங்கே போனது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஓடப் பார்த்தாள். பாவு பிணைத்த விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து மேடைப் படியில் ஏற்றிவிட்டன.

மைக்குக்கு முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். நடுவில் மஞ்சுளாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"கிராஸ்க் சொல்லிறாத சாமி."