நடு ஸ்டம்ப்பில் கட்டிய சாவி

காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா போனில் அழைத்தாள். "அத்தை போயிட்டாங்க ஆன்ட்டி. காப்பி வெச்சுக் குடுத்தேன், குடிக்கவே இல்லைங்க." ஸ்டெல்லா, ரோஸ்லின் அவர்களின் தம்பி மகள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அத்தை ரூம் கதவுக்குப் பின்னால ஒரு ஸ்டம்ப் இருக்கும். அதை யாரும் தூக்கிப் போட்டுடாம பார்த்துக்கோ" என்றேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

ரோஸ்லின் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் தர்மபுரியில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் அவர் உடற்கல்வி ஆசிரியை. நான் ஆங்கிலம் நடத்தினேன். அவருடையது பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கம்பங்காட்டில் கிளி விரட்டக் கல்லெறிந்து பழகிய கை என்று தன் பந்துவீச்சைப் பற்றிச் சொல்வார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு யாரிடமும் காரணம் சொன்னதும் இல்லை.

பல்கலைக்கழகப் போட்டிகளுக்குப் பெண்கள் கிரிக்கெட் அணி ஒன்றை எங்கள் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்த்தவர் அவர்தான். ஆண்கள் அணி ஏற்கெனவே இருந்தது. அதன் பொறுப்பாளர் ஒரு வணிகவியல் ஆசிரியர். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு இடமில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மைதானங்களில் ஆடுகளம் என்பது வெறும் கட்டாந்தரை. அதன்மேல் தேங்காய் நார் மேட்டை விரித்து, இழுத்து, ஆணியடித்துத்தான் ஆடுவார்கள். கல்லூரிக்கு இருந்தது ஒரே மேட். காலையும் மாலையும் அது ஆண்களுக்கே. பெண்கள் கல்தரையில் பழகினார்கள். ஒரு நாள் பந்து கல்லில் பட்டு எகிறி, காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த சாந்தாவின் முன்பல்லை உடைத்துவிட்டது. ரோஸ்லின் அவர்கள் ரத்தம் பட்ட கைக்குட்டையோடு ஆசிரியர் அறைக்கு, அந்தப் பொறுப்பாளரிடம் வந்தார்.

"சார், காலையில மட்டும் மேட்டைக் குடுங்க. நாங்களே விரிச்சு நாங்களே சுருட்டி வெச்சிடறோம்."

"பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க மிஸ் மேட்டு? கோரைப்பாய் கொண்டாரச் சொல்லுங்க. ஆட்டம் முடிஞ்சா அப்படியே படுத்துக்கலாம்."

அறையில் சிரித்தார்கள். அன்று யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கல்லூரி நாளன்று ஆண்களும் பெண்களும் ஏதாவதொரு ஆட்டம் ஆடுவது எங்கள் வழக்கம். ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள். அதில் ஆண்கள் இடக்கையால்தான் ஆடுவார்கள். பெண்களுக்குக் காட்டும் சலுகையாம். அந்த ஆண்டு கிரிக்கெட் என்று முடிவானது. ரோஸ்லின் அவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பொறுப்பாளரிடம் போனார். ஆண்கள் வலக்கையால் ஆட வேண்டும். பெண்கள் ஜெயித்தால் சீசன் முடியும்வரை காலையில் மேட் பெண்களுக்கு. "கையெழுத்துப் போடுங்க சார். பயமா இருந்தா வேண்டாமுங்க." சுற்றிலும் மாணவர்கள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

பொறுப்பாளரே முதலில் மட்டை பிடிக்க வந்தார். ரோஸ்லின் அவர்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு ஓடி வந்தார். முதல் பந்தைப் பொறுப்பாளர் எல்லைக்கு அனுப்பினார். "மிஸ்சுக்குத் தண்ணி குடுங்கப்பா!" என்று கத்தினார். இரண்டாவதும் எல்லைக்குப் போனது. மூன்றாவது பந்து அவர் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து நடு ஸ்டம்ப்பைப் பிடுங்கி எறிந்தது. ஸ்டம்ப்பின் தலையில் ஒரு செதில் பெயர்ந்திருந்தது. ரோஸ்லின் அவர்கள் கையைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. "வெயில்ல நிக்காதீங்க சார். தண்ணி அங்க இருக்குது" என்றார், அவ்வளவுதான். பல் போன சாந்தா நான்கு விக்கெட் எடுத்தாள். பெண்கள் ஜெயித்தார்கள். ஸ்கோர் எழுதியவள் நான்.

அந்த மேட்டில் பழகிய பெண்கள் மண்டலப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். ஆண்கள் முதல் சுற்றிலேயே வீடு திரும்பினார்கள்.

இனி என் பங்கு. கல்லூரி ஆண்டு மலருக்கு நான்தான் பதிப்பாசிரியர். முதல்வர் அழைத்து, "ஆம்பளைப் பசங்க நொந்து கெடக்கறாங்க. கொஞ்சம் பதமா எழுதுங்க மிஸ்" என்றார். எழுதினேன். நான் படித்த கான்வென்டில் எங்கள் சிஸ்டர்கள், திருத்தினால் அடித்த வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். ஆகவே அந்த வரியை அப்படியே தருகிறேன்: 'ஆண்கள் இடக்கையால் ஆடி, வெற்றியைப் பெருந்தன்மையுடன் தங்கைகளுக்கு விட்டுக்கொடுத்தனர்.'

மலரைப் படித்துவிட்டு ரோஸ்லின் அவர்கள் என் மேசைக்கு வந்தார். "தமிழ் நல்லா இருக்குதுங்க மிஸ். பொய்யும் நல்லா இருக்குது." அந்தப் பருவம் முழுவதும் என்னோடு உட்கார்ந்து அவர் சாப்பிடவில்லை. என் கணவர் மட்டும், "எழுதினவ நீ. மாத்தறதும் நீதான் மாத்தணும்" என்றார். அவர் இருந்தவரை நான் மாற்றவில்லை.

ரோஸ்லின் அவர்கள் மலருக்கு மறுப்பு எழுதவில்லை. தன் பணத்தில் புது ஸ்டம்ப் ஒன்று வாங்கி வைத்துவிட்டு, செதில் பெயர்ந்த அந்தப் பழைய ஸ்டம்ப்பில், உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில் தன்னிடம் இருந்த விளையாட்டு அறைச் சாவியைக் கயிற்றால் கட்டினார். மட்டை, பந்து, மேட், எதை எடுப்பதென்றாலும் அந்தச் சாவி வேண்டும். பொறுப்பாளர் தினமும் வந்து கேட்க வேண்டும். "இந்தாங்க சார்" என்று ரோஸ்லின் அவர்கள் ஸ்டம்ப்பை நீட்டுவார். பொறுப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் நடுவே மைதானம்வரை நடப்பார். அவர் ஓய்வு பெறும்வரை இது ஒரு நாளும் தவறவில்லை. மன்னிப்பின் மேன்மையை மறைக்கல்வி வகுப்பில் நானும் படித்தேன், ரோஸ்லின் அவர்களும் படித்தார். ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கவே நான் ஜன்னலோரம் மேசை கேட்டு வாங்கினேன். பிறகு அந்த மேசைக்கே ரோஸ்லின் அவர்கள் டிபன் பாக்ஸோடு வரத் தொடங்கினார்.

தான் ஓய்வு பெற்றபோது சாவியை ஒப்படைத்துவிட்டு, ஸ்டம்ப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அடக்கத்துக்கு முன் வீட்டு முற்றத்தில் பந்தலில் இரங்கல் சொன்னார்கள். அந்தப் பொறுப்பாளரும் வந்திருந்தார். தடி ஊன்றி நடக்கிறார். மாலையை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "இந்த அம்மாவுக்கு மொதல்ல மேட்டு குடுத்தது நான்தானுங்க. லெஃப்ட் ஹேண்டுல ஆடி விட்டுக் குடுத்தோம். இது நான் சொல்றதில்லைங்க, பிலோமினா மிஸ் எழுதினது" என்று அந்த ஆண்டு மலரைப் பிரித்துக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் உள்ளே போய் ஸ்டம்ப்பை எடுத்து வந்தேன். அவருக்கு எதிரில் நின்று நீட்டினேன்.

"இது என்னன்னு தெரியுதுங்களா சார்?"

"ஸ்டம்ப்புங்க."

"எந்த ஸ்டம்ப்?"

மைக் அவர் கையிலேயே இருந்தது. சாந்தா, இன்று பேரன் எடுத்தவள், முன்வரிசையில் எழுந்து நின்றாள். அவர் செதில் பெயர்ந்த இடத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"நடு ஸ்டம்ப்" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது.

"எந்தக் கையால ஆடினீங்க?"

அவர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து, "நான் எழுதினது பொய்" என்று சொல்லி முடித்தேன்.

பெட்டியை மூடும் முன், செபமாலை சுற்றிய ரோஸ்லின் அவர்களின் கைகளுக்கு வலப்பக்கம் ஸ்டம்ப்பை வைத்தேன். பங்குத் தந்தை பார்த்தார், தடுக்கவில்லை.

ரோஸ்லின், அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது எல்லோருக்கும் தெரியும்படி அடித்திருக்கிறேன். போய் வாருங்கள்.