அட்டையைத் திருப்பிப் போட்ட எஸ்தர்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் எஸ்தரின் மகள் கிரேஸின் ஃபோன் வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க. டீ கேட்டாங்க, போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். நான் இறங்கிவிட்டேன். "இன்னா பெரியவரே, வர்றதா இல்லையா?" என்று டிரைவர் கத்தினான். அவனைச் சொல்லி என்ன? இந்தப் பக்கத்தில் எத்தனையோ சாவுக்குப் பாடிய எஸ்தர் செத்துப்போனார் என்று நடுரோட்டில் நின்று யாரிடம் சொல்வது?

எஸ்தரும் நானும் மறைமலை நகரில் ஒரே ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் ஃபினிஷிங் செக்‌ஷன், நான் ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ். ஷிப்ட் முடிந்தால் நான் அவருக்கு டோலக் வாசிப்பேன். என் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. "இன்னா டோலக்கு, கெளம்பலையா?" என்பதுதான் எனக்கு வாய்த்த மரியாதை. பெண் கானா பாடுவதா என்று சொந்தக்காரர்கள் குதித்தபோது, "அவ பாடுவா, உங்களுக்கு இன்னா?" என்று முன்னால் வந்து நின்றவர் அவர் அண்ணன் சாமுவேல் ஒருவர்தான்.

கானா என்றால் இன்று எல்லோரும் கையைத் தூக்கி ஆடுகிறார்கள். அன்று எங்கள் பக்கத்தில் அது சாவு வீட்டுப் பாட்டு. எஸ்தர் வாசலில் நுழைந்தவுடன் பாட மாட்டார். செத்தவர் எதைச் சாப்பிட்டார், யாரோடு பேசாமல் இருந்தார், எதற்குச் சிரிப்பார் என்று வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்பார். அதையெல்லாம் கோத்துத்தான் பாட்டு. "நல்லவரு வல்லவருன்னு சொல்றதுக்கு ஊரே கீது. அவரு யாருன்னு சொல்றதுக்குத்தான் என்ன கூப்ட்டாங்க" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் ஒரு வரிக்குச் சிரித்துவிட்டு மறுபடி அழுவார்கள். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

1991இல் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். பாப் பாட்டுக்கு இப்போது நல்ல காலம், கானாவையும் பாப் மாதிரி ஆல்பமாகப் போடலாம் என்றார். எஸ்தருக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் இறந்தபோது கட்டிய பாட்டைத்தான் முதலில் பாடினார்.

ஷிப்டு பஸ்ஸு வந்து வாசல்ல நிக்குது,
சீட்டு ஒண்ணு காலியா வெயில்ல காயுது.

ரெக்கார்டிங் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரே மூக்கை உறிஞ்சினார். கேசட் நன்றாகத்தான் வந்தது. அட்டைதான் எங்கள் தலையில் இடி.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் கேசட் கடை வைத்திருந்தார். அங்கேதான் முதலில் பார்த்தோம். அட்டையில் சிவப்பு லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் தோளில் பட்டாக்கத்தியோடு நின்றான். கையில் பாட்டில். காலடியில் ஒரு பெண் அரைகுறை ஆடையில் வளைந்து கிடந்தாள். பின்னால் மண்டை ஓடு. மேலே கொட்டை எழுத்தில் 'கிக்கு கானா' என்று போட்டிருந்தது. எஸ்தர் பெயர் முன்பக்கத்தில் எங்குமே இல்லை.

"எவன்யா இவன்? என் பாட்டுல இவன் எங்க வந்தான்?" என்று எஸ்தர் கேட்டார். பாய் பாவம், தலையைச் சொறிந்தார். கடையிலிருந்தே கம்பெனிக்கு ஃபோன் போட்டோம். "கானான்னா இதாம்மா. ஜனங்க இதத்தான் எதிர்பார்க்கறாங்க" என்றார் அந்த ஆள். எஸ்தர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு, "நான் ஜனம் இல்லியா? செத்துப்போன எங்க ஷிப்டு பொண்ணு ஜனம் இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஏற்கெனவே 'காலனிப் பாட்டு' என்று முகம் சுளிக்க ஆட்கள் இருந்தார்கள். அதன்மேல் இந்த அட்டை வேறு! அந்த மாதமே வாலாஜாபாத்தில் ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தெருமுனையிலேயே செத்தவரின் தம்பி எங்களை நிறுத்தினார். "வேணாம்மா. பொம்பளைங்க இருக்கற எடம்" என்றார்.

"நான் இன்னா ஆம்பளையா? கேசட்ட கேட்டியாய்யா நீ?"

"கேக்கல. அட்டையப் பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் டோலக்கை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். எஸ்தர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பி பஸ் ஏறினோம். ஒரகடம் வந்ததும், "பாட்ட கேக்காமயே பாட்டுக்குப் பேரு வெச்சிட்டான் பார்த்தியா?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நேராகப் பாய் கடைக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். அட்டையை உருவி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தார். உள்பக்கம் வெறும் வெள்ளை. அதில் 'கானா. பாடியது எஸ்தர்' என்று பேனாவால் எழுதி மறுபடி செருகினார். "கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவாம்மா" என்றார் பாய். "வரட்டும். அந்தக் கத்தியோட வர சொல்லு" என்றார் எஸ்தர். பாய் சிரித்துவிட்டார். பிறகு அவரும் உட்கார்ந்து மடித்தார்.

இதில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதிய கேசட் என்றால் ஜெபக் கூட்டத்தில் பதிவு செய்த பிரசங்கம் என்று அர்த்தம். எஸ்தரின் சபை மூப்பர் முன்னால் இருந்த 'கானா'வைப் படிக்காமல், 'எஸ்தர்' என்ற பெயரை மட்டும் பார்த்து வேதாகமத்து எஸ்தரைப் பற்றிய செய்தி என்று வாங்கிப் போய்விட்டார். வீட்டு ஜெபத்தில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, பிளேயரில் என் டோலக் கிளம்பியது! மூப்பர் அணைக்கப் போனாராம். அவர் மனைவி கையைத் தட்டிவிட்டு, "இருங்க, அந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு வந்தாளா இல்லையா, கேப்போம்" என்றாராம். இரண்டு பக்கமும் ஓடி முடிந்துதான் ஜெபம் நடந்தது.

அட்டைப் படத்தைப் பார்க்காமல் கேட்ட மூப்பருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. சிக்கலே அதில்தான் ஆரம்பித்தது. அந்த வருடக் கடைசியில் சாமுவேல் திடீரென்று இறந்தார். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாட வேண்டும், எஸ்தருக்கு அதைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. மூப்பர் தனியாகக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார். "பாடும்மா. உன் பாட்டு நல்லாத்தான் கீது. ஆனா கானான்னு மட்டும் சொல்லாத. துக்க கீதம்னு சொல்லிக்கலாம். சபைக்கும் மரியாதை, உனக்கும் மரியாதை."

எனக்கே அது சரி என்று பட்டது. "வார்த்தைதான எஸ்தரு, ஒத்துக்க. பாடணும்ல?" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "அவன் கத்திய வரைஞ்சி என் பாட்ட அசிங்கப்படுத்தினான். இவரு பேர மாத்தி அசிங்கப்படுத்தறாரு. ரெண்டு பேருக்கும் கானான்னா ஒரே அருவருப்பு, டோலக்கு" என்றார்.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அண்ணன் கானா கேட்டவன். கானாவாலயே அனுப்பறேன். புடிக்காதவங்க வெளிய நில்லுங்க" என்று சொன்னார். மூப்பர் எழுந்து வெளியே போனார். சிலர் பின்னாலேயே போனார்கள். மூப்பரின் மனைவி அசையவில்லை. எஸ்தர் பாடினார். தெற்றுப்பல் தெரியச் சிரிக்கும் சாமுவேல், சைக்கிளை யாருக்கும் தராத சாமுவேல், தங்கச்சிக்காகச் சொந்தத்தையே பகைத்துக்கொண்ட சாமுவேல், எல்லோரும் அந்தப் பாட்டில் எழுந்து நடந்தார்கள். நான் கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் வாசித்தேன்.

அதற்கப்புறம் சபைப் பாடகர் குழுவில் எஸ்தருக்கு இடமில்லை. கம்பெனியும் அடுத்த கேசட் போடவில்லை. போனால் போகிறது என்றார். ரிட்டையர் ஆகும்வரை ஃபினிஷிங் செக்‌ஷனில் ரப்பரின் பிசிறு வெட்டிக்கொண்டே பாடினார். கூப்பிட்ட வீட்டுக்குப் போனார். கூப்பிடாத வீட்டைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு ஃபோனில் வரும் கானா வீடியோக்களிலும் அதே லுங்கி, அதே பாட்டில். பாடுகிற பிள்ளைகளை நான் திட்ட மாட்டேன். அந்தப் படத்தை எடுத்துக் கையில் கொடுத்து, நீ இதுதான் என்று சொல்கிறானே, அவனைத்தான் திட்டுவேன்.

எஸ்தரின் அடக்கத்துக்கு ஒரகடத்தில் நல்ல கூட்டம். புதிய மூப்பர் இளைஞர், மரியாதையானவர். ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்று என்னிடம் வந்து, "ஐயா, நீங்க வாசிக்கப் போறத நாட்டுப்புற இசை அஞ்சலின்னு சொல்லிடட்டுமா? கேக்கறதுக்கு நல்லா இருக்கும்" என்று கேட்டார். கிரேஸ் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவள் அம்மா இருந்தார்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். அதை மெதுவாகச் சொல்ல அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. மைக்கை வாங்கி, தெருக்கோடி வரை கேட்கும்படி, "கானா" என்றேன். டோலக்கை மடியில் வைத்தேன். கிரேஸ் பாடினாள்.