வேலுக்குச் சுற்றாத கொடி

எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டி துணியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. அது பித்தளைக்கென்றே ஆகிப்போனது. என் வீட்டுக்காரர் கசங்கின சட்டையோடு பஜாருக்குப் போவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் என்னைத்தான் பேசுவார்கள். அவர் உளியால் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும் என்று இருந்துவிடுவேன்.

அவர் பித்தளைத் தகட்டில் கையால் படம் வெட்டுபவர். சாமி படம், பூவேலை, கோயில் கதவில் அடிக்கிற தகடு, வீட்டு வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகை எல்லாம் வரும். படத்தைத் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. டிடிபி கடையில் படத்தை இடம் வலமாகத் திருப்பி, ஸ்டிக்கர் உரித்த பிறகு மிஞ்சுகிற வழவழப்புத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துக்கொள்வேன். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, பிசுக்கு துளிகூட இல்லாமல் ஆக்க வேண்டும். அதன்மேல் தாளைக் கவிழ்த்து இஸ்திரி போட்டால் கறுப்பு மை பித்தளையில் ஒட்டிக்கொள்ளும். ஆறினதும் தாளை உரித்துவிடலாம். ஒரு தடவை திருப்ப மறந்து ஒருவருடைய பெயரை அப்படியே ஏற்றிவிட்டேன். "இதக் கண்ணாடிக்கு எதுக்க மாட்டி வச்சுப் படிச்சுக்கிறச் சொல்லு" என்றார். ஒரு வாரம் அதைச் சொல்லியே என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேர்கோட்டின்மேல் ஒரு கிறுக்கு உண்டு. மயில், தாமரையெல்லாம் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், கொஞ்சம் பிசகினாலும் இறகு, இதழ் என்று ஒப்பேற்றிவிடலாம் என்பார். "நேர்கோட்டுல ஏமாத்த முடியாது புள்ள. கை எப்படின்னு காட்டிக் குடுத்துரும்." ஒவ்வொரு தகட்டுக்கும் சுற்றிலும் இரட்டைக்கோடு ஓட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். வெட்டி முடித்ததும் அந்தக் கோட்டை மட்டும் என்னைத் தடவிப் பார்க்கச் சொல்வார்.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளரில் பார்த்தேன். தூக்கம் போதவில்லை என்றார், நானும் நம்பினேன். அப்புறம் ஒரு தகட்டின் ஓரத்தில் இரட்டைக்கோடு இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. அன்றைக்கு அவர் என்னைத் தடவிப் பார்க்கச் சொல்லவில்லை. மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுதாக நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொடைரோடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாய் ஓயாதவள், அடுத்த வீட்டு மிக்ஸி சத்தத்துக்கே சண்டைக்குப் போகிறவள். எனக்கும் வாய் வரவில்லை. இந்த மனுஷர் உளியைக் கீழே வைத்துவிட்டால் என்ன ஆவார் என்ற ஒரே பயம்தான் எனக்கு இருந்தது.

வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? டிடிபி கடைக்குப் போய் ஓரத்து இரட்டைக்கோட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு கொடி போடச் சொன்னேன். கொடி வளைந்து வளைந்துதானே போகும், கை நெளிந்தாலும் தெரியாது. அடுத்த தகட்டில் கோடுகளைத் தடிப்பாக்கினேன். கோடு தடிப்பானால் அகலமான உளி பிடிக்கலாம், சின்னச் சின்ன நடுக்கம் அதற்குள் மறைந்துவிடும். தாமரைத் தண்டில் கொடி சுற்றினேன், விளக்குத் தண்டில் சுற்றினேன். "எல்லாத்துக்கும் கொடியாவே கேக்குறீங்களேக்கா" என்றாள் கடைக்காரப் பெண். இப்போது அதுதான் ஓடுகிறது என்று சொல்லி வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றிக் கொடுத்ததை வெட்டினார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் எரியோட்டிலிருந்து ஒருவர் வந்தார். முருங்கை போடுகிற விவசாயி. அவர்கள் பங்காளிகள் சேர்ந்து கட்டின முருகன் கோயில் கதவுக்கு ஒரு தகடு வேண்டும். போனில் படம் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் மயில், நடுவில் மேலிருந்து கீழ்வரை வேல்.

"மயிலு எப்படி இருந்தாலும் சரிண்ணே. வேலு மட்டும் நேரா நிக்கணும், சுத்தி ஒண்ணும் வேணாம்" என்றார்.

இவர் சரி என்று தலையாட்டினார். 

டிடிபி கடையில் செத்த நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலின் தண்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள், ஒரு முழத்துக்கு, நடுவில் ஒரு பூகூடக் கிடையாது. சுத்தி ஒன்றும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவரிடம் எந்தக் கொடியைச் சுற்றுவது? மயிலைத் தடிப்பாக்கச் சொன்னேன். வேலின் தண்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக ஒரு படம் ஏறினதில்லை. எங்காவது மை ஒட்டாமல் விட்டுப்போய்த் தொலையக் கூடாதா என்று இருந்தது. அந்த இரண்டு கோடும் தலைமுடி கனத்தில் பித்தளைமேல் நேராக நின்றன.

தகட்டைப் பலகையில் அடித்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு மயிலை முடித்தார், மறுநாள் இன்னொன்றை முடித்தார். வேலின் இலை மாதிரியான தலையையும் வெட்டிவிட்டார். தண்டு மட்டும் மிச்சம். காலையில் உட்காருவார், உளியைக் கோட்டின் தலையில் வைப்பார், சுத்தியலைத் தூக்கமாட்டார். உளியின் முனை பித்தளையில் டிக்டிக்கென்று தட்டுகிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். நான் குக்கரை வைத்துவிட்டு விசிலுக்காகக் காத்திருப்பேன், அந்தச் சத்தம் கேட்காமல் இருக்கட்டுமே என்று.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா."

போனேன். உளி கீழே இருந்தது. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்திருந்தார்.

"எல்லாத்துக்கும் கொடி சுத்துவியே, இதுக்கு மட்டும் ஏன் சுத்தல?"

இத்தனை மாசமும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் ஏற்றிக் கொடுத்த கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்து நிம்மதியாக இருக்கட்டும் என்று அவரும் பேசாமல் இருந்திருக்கிறார்.

"அவரு வேணாம்னுட்டாருங்க" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைத் தேற்றவில்லை. போனை எடுத்துத் தரச் சொன்னார். எரியோட்டுக்காரர் நம்பரை நான்தான் போட்டுக் கொடுத்தேன், இவர் விரல் சரியான இடத்தில் படவில்லை.

"அண்ணே, நான் தகட்டு வேலைக்காரன் பேசுறேன். எனக்குக் கை நடுங்குதுண்ணே. நேர்கோடு வராது. வேலுக்கு மால சுத்துன மாதிரி போட்டுக்கலாமா?"

டாக்டரிடம்கூட நான்தான் சொன்னேன். அவர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதுக்கென்னண்ணே, போடுங்க. சாமிக்கு மாலதான" என்றார் எரியோட்டுக்காரர்.

பழைய தகட்டைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, புதுத் தகட்டைத் தேய்த்து இஸ்திரி போட்டேன். மாலையைக் கடைக்காரப் பெண் எவ்வளவு தடிப்பாகப் போட முடியுமோ அவ்வளவு தடிப்பாகப் போட்டிருந்தாள். ஆறினதும் தாளை உரித்துத் தகட்டை அவரிடம் கொடுத்தேன். வேலின்மேல் சுற்றியிருந்த மாலையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுத்த தடவ இதவிடத் தடிப்பாப் போடச் சொல்லு" என்றார்.